30 டேப் வாங்குமுன் பெருவைக் கொஞ்சம் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 30 டேப் (டேப்லெட்) வாங்கித் தர நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன்படுமா?

பதில்: பணம் கட்டுமுன் 'ஒன் லேப்டாப் பர் சைல்டு' என்ற லாப நோக்கற்ற அமைப்பின் கதையைக் கேளுங்கள். உங்கள் யோசனையைத்தான் அவர்கள் நாடு நாடாகச் செய்து பார்த்தார்கள்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உள்ள மீடியா லேப் ஆய்வகத்தின் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் அறிவித்த திட்டம் அது. ஏழை நாட்டுக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் 100 டாலரில் ஒரு லேப்டாப். கரண்ட் இல்லாத ஊர்களுக்காக, சுற்றிச் சார்ஜ் ஏற்றும் கைப்பிடி. அந்த நவம்பரில் துனிஸ் நகரில் மாதிரியைக் காட்டியபோது ஐ.நா. பொதுச் செயலர் கோஃபி அன்னான் அந்தக் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தார். கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது! கடைசியில் தயாரான லேப்டாப்பில் கைப்பிடியே இல்லை. விலையும் 180 டாலரைத் தாண்டியது.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலிலும் படிக்கக்கூடிய திரை, தூசி புகாத ரப்பர் கீபோர்டு எல்லாம் இருந்தன. தென் அமெரிக்க நாடான பெருவின் அரசு 8 லட்சத்துக்கும் மேல் வாங்கியது. அங்கே 319 கிராமப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது: கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறவில்லை. உருகுவே 2007-இல் தொடங்கியபோது லேப்டாப்போடு பள்ளிகளுக்கு இணையம், பழுது பார்க்கும் ஏற்பாடு இரண்டையும் சேர்த்தே கொடுத்தது. மார்க் அங்கேயும் துள்ளிவிடவில்லை. ஆனால் அந்த 'செய்பால்' திட்டம் இன்றும் ஓடுகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது? 30 வேண்டாம், 10 போதும். மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று. மிச்சப் பணத்தை ரிப்பேருக்கு ஒதுக்குங்கள். முதலில் தளர்வது சார்ஜர் செருகும் இடம்தான். அதைக் கடைக்கு எடுத்துப் போக உங்களில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். "உடைந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதியும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால், யார் பதில் சொல்வது என்ற பயத்தில் டேப் எல்லாம் பீரோவுக்குள் போய்விடும். நெட் சரியில்லாத ஊர் என்றால், பாடங்களை முன்பே இறக்கிவைத்து ஓட்டும் 'கோலிப்ரி' என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் வகுப்பு டீச்சரிடம் போய், பிள்ளைகள் எங்கே திணறுகிறார்கள் என்று கேளுங்கள். கூட்டி வாசிக்கவே வரவில்லை, கதைப் புத்தகங்கள் வேண்டும் என்று அவர் சொன்னால், புத்தகமே வாங்கிக் கொடுங்கள்.