காலையில் மட்டும் வரும் 'சிமாஸ் செக்சம் எரர்'

வணக்கம். உங்கள் 2009ஆம் ஆண்டுக் கணினி, இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் காலையில் இயக்கும்போதெல்லாம் 'சிமாஸ் செக்சம் எரர்' (சேமித்து வைத்த அடிப்படை அமைப்புகள் சிதைந்துவிட்டன என்ற பிழை) என்று காட்டி எஃப்1 விசையை அழுத்தச் சொல்வதாகவும், தேதி 2009 ஜனவரிக்குத் திரும்பிவிடுவதால் இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை தருவதாகவும் எழுதியிருந்தீர்கள். இவ்விரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும், கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புகளையும் காப்பது அந்த 3 வோல்ட் பேட்டரிதான். விண்டோஸை மீண்டும் நிறுவச் சொன்னவரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். இந்தப் பிழை விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே எழுகிறது.

முதலில் பயாஸ் திரைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, ஹார்டு டிஸ்க் எந்த முறையில் இயங்குகிறது என்பதைக் காட்டும் சாட்டா மோடு ஐடிஇயா, ஏஎச்சிஐயா என்பது முக்கியம், ஏனெனில் அது மாறினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடக்கூடும். பிறகு மின்கம்பியைக் கழற்றி, உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்கக் கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, பேட்டரியின் ஓரத்திலுள்ள சிறு கொக்கியை நகத்தால் தள்ளினால் அது தானே எழும்பும். எழுத்துள்ள நேர்முனை மேலே இருக்குமாறு புதியதைப் பொருத்துங்கள். அதன் பின்னும் பிழை வந்தால், பேட்டரிக்கு அடியிலுள்ள தகடு வளைந்தோ பச்சை பூத்தோ இருக்கிறதா என்று பாருங்கள்.