உடைக்காமலே எப்படித் தெரிஞ்சது?

அண்ணா வணக்கம். உட்லண்ட்ஸ்லேர்ந்து எழுதறேன். பொண்ணு செகண்டரி ஒன்னு, இப்ப ஸ்கூல்ல காரணிப்படுத்தறது நடத்துறாங்க. 2ஓட 67ஆவது பவர்ல 1 கழிச்சா வர்ற நம்பர் பகு எண்ணுன்னு, அதாவது சின்ன எண்களாப் பிரிக்க முடியும், பகா எண் இல்லன்னு, 1876லயே தெரியும், ஆனா காரணி 1903லதான் கிடைச்சதுன்னு நீங்க எழுதினதை அவகிட்ட படிச்சுக் காட்டினேன். "காரணியே தெரியாம எப்படிம்மா சொல்ல முடியும்? டீச்சர் மார்க் குடுக்க மாட்டாங்க"ன்னுட்டா. எனக்குப் பதில் தெரியல.

ஒரு வாசகி

தங்கச்சிக்கு வணக்கம். இந்த விஷயத்துல கேக்க வேண்டிய கேள்வியே அதுதான், அதனால அவளுக்கே சொல்ற மாதிரி எழுதறேன், கால்குலேட்டரை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க.

13ன்னு ஒரு பகா எண் எடுத்துக்கம்மா. ஒன்னு குறைச்சா 12. 2ஓட 12ஆவது பவர் 4096, 13ஆல வகுத்தா 4095 போக மீதி 1. 7க்கும் அப்படித்தான், 64ல 63 போனா 1. 2ஐ விட்டுட்டா எல்லாப் பகா எண்ணுக்கும் இந்த மீதி 1தான், ஃபெர்மாங்கிற கணித மேதை 1640ல சொன்னது. இப்ப 15க்குப் போடு. 2ஓட 14ஆவது பவர் 16384, 16380 போக மீதி 4. 1 வரல, அப்ப 15 பகா எண்ணா இருக்கவே முடியாது. பாத்தியா, 3ஐயும் 5ஐயும் நாம தொடவே இல்ல!

ஆனா 1 வந்துட்டா பகா எண்ணுதான்னு நம்பிடாத, 341ங்கிறது 11 பெருக்கல் 31, இருந்தும் அதுக்கு மீதி 1 வந்துடும். நீ கேட்ட நம்பரும் அந்த ரகம்தான், அதனால 1876ல எட்வார் லூக்காங்கிற கணித மேதை இந்த மாதிரி நம்பருக்குன்னே வேற ஒரு சோதனை கண்டுபிடிச்சார். பகா எண்ணா இருந்தா இது நடக்கணும், நடக்கல, அப்ப அது பகா எண் இல்ல, அவ்வளவுதான்.

காரணி கண்டுபிடிக்கிறது வேற வேலை. உன் கால்குலேட்டர் அந்த நம்பரை முழுசாக் காட்டாது, அது 147573952589676412927, 21 இலக்கம். 1903 அக்டோபர்ல நியூயார்க்ல ஒரு கணிதக் கூட்டத்துல ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாம 193707721ஐயும் 761838257287ஐயும் போர்டுல பெருக்கிக் காட்டிட்டுப் போய் உக்காந்தார்னு சொல்வாங்க. மூணு வருஷ ஞாயித்துக்கிழமை அதுக்குப் போச்சாம்.

எங்க அப்பா மளிகைக்கடைக் கணக்கை ஒன்பது தள்ளித்தான் சரிபார்ப்பார், அதாவது ஒரே இலக்கம் வர்ற வரைக்கும் இலக்கங்களைக் கூட்டிக்கிட்டே போகணும், பெருக்கின எண்களுக்கு வந்ததைப் பெருக்கினா விடைக்கு வந்ததோட ஒத்துப்போகணும். அதை இதுல போட்டுப் பாத்தேன். முதல் காரணியோட இலக்கத்தைக் கூட்டினா 37, கடைசியா 1. ரெண்டாவது 64, அதுவும் 1. அந்த 21 இலக்கத்தையும் கூட்டினா 109, அதுவும் 1ல வந்து நிக்குது. கடைக்கணக்குக்கு ஆன வழி இங்கயும் செல்லுபடியாகுதேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னொன்னும் இருக்கு, காரணில 1 கழிச்சு 134ஆல வகுத்துப் பாரு, மீதியே இருக்காது. 134ன்னா 67ஓட ரெண்டு மடங்கு. இந்த நம்பரை எந்தப் பகா எண் வகுத்தாலும் அது இப்படித்தான் இருக்கணும், அதனால கோல் எல்லா எண்ணையும் தேட வேண்டியதில்ல, அப்படியும் அவ்வளவு நாள் ஆச்சு.

இந்த இடைவெளியிலதான் ஆர்எஸ்ஏ பூட்டு, அதாவது கம்ப்யூட்டர்ல ரகசியத் தகவலைப் பூட்டி அனுப்புற முறை, நிக்குது, ரெண்டு பெரிய பகா எண்ணைப் பெருக்கறது சுலபம், பிரிக்கிறதுதான் பாடு. 2020ல 250 இலக்க நம்பர் ஒன்னை உடைச்சாங்க, கம்ப்யூட்டர் சிப்போட ஒரே ஒரு கோர்ல ஓட்டியிருந்தா சுமார் 2700 வருஷம் ஆகியிருக்கும்.

டீச்சர்கிட்ட இதையும் காட்டச் சொல்லுங்க தங்கச்சி: 2ஓட 1048576ஆவது பவர், அதோட 1 கூட்டணும். 315653 இலக்கம் வரும். அது பகு எண்ணுன்னு 1987லயே சோதிச்சுச் சொல்லிட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் அதோட ஒரு காரணி கூட யாருக்கும் கிடைக்கல.