நூரம்பெர்க் வானில் நடந்தது போரா?

கேள்வி: 1561-ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூரம்பெர்க் நகருக்கு மேலே வேற்றுலக வாகனங்கள் போரிட்டதாகவும், அதற்குப் படத்துடன் சான்று இருப்பதாகவும் காணொளிகளில் சொல்கிறார்கள். இது உண்மைதானா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: படம் உண்மையானது. ஹான்ஸ் கிளேசர் என்பவர் அச்சிட்டு வெளியிட்ட ஒற்றைத் தாள் செய்தி அது; இன்றும் சூரிச் மத்திய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. காணொளிகள் படத்தை மட்டும் காட்டிவிட்டு, அதன் கீழே அச்சாகியிருக்கும் வாசகத்தை விட்டுவிடுகின்றன என்பதே என் வருத்தம்.

ஏப்ரல் 14 அன்று விடியற்காலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், சூரியனின் நடுவே இரத்தநிறப் பிறைகள் இரண்டு தோன்றின என்று அந்த வாசகம் தொடங்குகிறது. அடுத்து, சிவப்பும் நீலமும் கருப்புமான உருண்டைகள், மூன்று மூன்றாக வரிசையிலும் நான்கு நான்காகச் சதுரத்திலும் நின்றன. இடையிடையே சிலுவைகளும், உள்ளே உருண்டைகள் கொண்ட பெரிய குழாய்களும் தெரிந்தன. இவையெல்லாம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஒன்றோடொன்று மோதி, எரிவதுபோலப் புகையுடன் தரையில் விழுந்தன. பின்னர் ஈட்டி வடிவில் கரிய பொருள் ஒன்றும் காணப்பட்டதாம். முடிவில், இது கடவுளின் எச்சரிக்கை, மக்கள் மனந்திரும்ப வேண்டும் என்று தாள் மன்றாடுகிறது. வாகனம் என்ற பேச்சே அதில் இல்லை.

நேரத்தைக் கவனியுங்கள். சூரியன் அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது, உயர்ந்த மேகங்களிலுள்ள அறுகோணப் பனிப்படிகத் தகடுகள் ஒளியைச் சுமார் 22 பாகை வளைத்து, சூரியனின் இருபுறமும் பொய்ச்சூரியன்களை உண்டாக்கும். அவற்றின் உட்புறம் சிவந்திருக்கும், கூடவே வளைவுகளும் ஒளித்தூண்களும் தோன்றக்கூடும். (சூரியனோ நிலவோ கோட்டை கட்டியிருக்கிறது என்று நம் ஊர்களில் சொல்வதும் இதே படிகங்களின் வேலைதான்.) பிறைகளுக்கும் சிலுவைகளுக்கும் இந்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. கரிய உருண்டைகளுக்கும் புகைக்கும் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வானக்குறிகளைக் காட்டி மக்களைப் பாவத்திலிருந்து திருப்புவதற்காகவே இத்தகைய தாள்கள் அச்சான காலம் அது. கண்டதைப் போராக விரித்துச் சொல்லத் தூண்டுதல் மிகுதி. ஆகவே அடிப்படையில் ஓர் ஒளித்தோற்றம் இருந்தது, வருணனை அதன்மேல் ஏறியது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலும் இப்படி நடந்ததாமே?
– வாசகி, மதுரை

பதில்: ஆம், 1566-இல். ஜூலை 27, 28 நாள்களிலும் ஆகஸ்ட் 7-ஆம் நாளிலும் கண்ட வானக்காட்சிகளை மற்றோர் அச்சுத்தாள் விவரிக்கிறது. கடைசி நாளில் கரிய உருண்டைகள் சூரியனை நோக்கி விரைந்து, சிவந்து கனன்று, பின் மறைந்தன என்கிறது. 1947-இல் அமெரிக்காவில் பறக்கும் தட்டுப் பரபரப்பு கிளம்பிய பிறகு, மனவியல் அறிஞர் கார்ல் யுங் 1958-இல் அதைப் பற்றி எழுதிய நூலில் இவ்விரு தாள்களையும் எடுத்து ஆராய்ந்தார். அவர் தேடியது மனித மனம் வானத்தில் எதைக் காண விரும்புகிறது என்பதையே. அந்த நூலுக்குப் பிறகுதான் இத்தாள்கள் பரவலாகப் பேசப்பட்டன.