விபத்து லாயர் என்றால் மட்டமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். பல்கலைக்கழகம் போக எஸ்.டி.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் அப்பாவின் மோட்டாரை ஒரு லாரி மோதிவிட்டது. எங்கள் டவுன் லாயர் ஒருவர்தான் வழக்கு நடத்தி இழப்பீடு வாங்கித் தந்தார். அவரைப் போல ஆக வேண்டும் என்று ஆசை. பெரியப்பாவோ, "எக்சிடன் கேஸ் பார்ப்பவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஆள் பிடிப்பவர்கள். படிப்பதுதான் படிக்கிறாய், கோலாலம்பூரில் கம்பெனி லாயராகப் பார்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை. அதை முதலில் பேசிவிடுவோம். வார்டில் கட்டுப் போட்டுப் படுத்திருப்பவரின் தலைமாட்டில் வந்து நின்று, "அண்ணே, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிற ஏஜென்டுகள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆளுக்குக் காசு கொடுத்து கேஸ் பிடிப்பதும், ஜெயித்தால் மட்டும் பங்கு என்று பேசி வைப்பதும் 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டப்படி தப்பு. சிலர் தப்பு செய்வதால் வேலையே மட்டமாகிவிடாது.

உனக்குத் தெரிய வேண்டியது வேறு. கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடுவது இந்த வேலையில் கொஞ்சம்தான், முக்கால்வாசி காகிதம். போலீஸ் ரிப்போர்ட், விபத்து இடத்தின் வரைபடம், புகைப்படங்கள், அரசு மருத்துவமனையின் அறிக்கை, பிறகு எலும்பு நிபுணரின் அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கேட்டு, காத்திருந்து, மறுபடி எழுத வேண்டும். வழக்குப் போட்ட ஏழு நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அதைக் கோட்டைவிட்டால், தீர்ப்பு கையில் இருந்தும் பணம் வராமல் போகலாம்.

தோட்டத்துப் பிள்ளையான உனக்கு ஒன்று சட்டெனப் புரியும். சம்பள இழப்புக்குச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அடிபட்டபோது வயது 31 முதல் 59க்குள் என்றால், 60லிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். 46 வயதுக்காரருக்கு ஏழு வருடம். மாதம் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) வருமானம் போனது என்று நிரூபித்தால் 84,000 வெள்ளி. அந்த 'நிரூபித்தால்' என்ற இடத்தில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டுவதற்குச் சம்பளச் சீட்டு உண்டு. சாயங்காலம் புல் வெட்டியதற்கும், வீட்டுக்குப் பின்னால் மாடு வளர்த்துப் பால் ஊற்றியதற்கும் என்ன சீட்டு இருக்கிறது? பால் வாங்கிய கடைக்காரரின் நோட்டைத் தேடிப் போக உனக்குத் தோன்றும். நகரத்து லாயருக்கு அது தோன்றுவது கொஞ்சம் கஷ்டம்.

வழக்குப் போடும் காலக்கெடுவும் அப்படித்தான். காயத்துக்கு வழக்குப் போட ஆறு வருடம். ஆள் இறந்துவிட்டால் குடும்பத்தின் வழக்குக்கு மூன்று வருடம்தான். மோதியது அரசாங்க வண்டி என்றால் 36 மாதம். கருமாதி முடியட்டும், திவசம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, நாள் கடந்தபின் வருகிற குடும்பங்களுக்கு எந்த லாயராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஊருக்குள்ளேயே ஒரு லாயர் இருந்தால் நேரத்தோடு வந்து கேட்பார்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். மலாயா பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் மாதிரி அரசுப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போ. செலவு குறைவு, பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்கக் கல்விக் கடனுக்கும் மனுப் போடலாம். முக்கியமாக, அங்கே படித்தால், லாயராவதற்கான சி.எல்.பி. என்ற தகுதிப் பரீட்சை கிடையாது. தனியார் கல்லூரி வழியாக லண்டன் பட்டம் வாங்கினால் அதற்குப் பிறகு சி.எல்.பி.யின் ஐந்து தாள்களைத் தாண்ட வேண்டும். நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகளே அதில் வருடக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் அந்தப் பக்கம் போ. மலாயை விட்டுவிடாதே. உன் கட்சிக்காரர் தமிழில் கதை சொல்வார், நீ மலாயில் மனு எழுதுவாய், பழைய தீர்ப்புகளை ஆங்கிலத்தில் படிப்பாய்.

அப்புறம் ஒன்பது மாதம் சேம்பரிங், அதாவது ஒரு லாயரிடம் தொழில் பழகும் காலம். உன்னைப் பழக்குபவருக்குக் குறைந்தது ஏழு வருட அனுபவம் இருக்க வேண்டும். பெயர் பெற்ற பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் ஃபோட்டோகாப்பி எடுப்பதிலேயே நாள் போய்விடலாம். ஈப்போவிலோ தைப்பிங்கிலோ விபத்து வழக்கு நிறையப் பார்க்கும் சின்ன ஆபீஸ் உனக்கு மேல். முடிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக வாதாடும் ஆபீசிலும் கொஞ்ச காலம் இரு. எதிராளி எங்கே கை வைப்பார் என்று தெரிந்துவிடும்.

வருமானத்தை மறைக்க மாட்டேன். ஆரம்ப வருடங்களில் கையைக் கடிக்கும். வழக்கு முடிய நாளாகும், மருத்துவ அறிக்கைக்கு இன்றே காசு கட்ட வேண்டும். அதனால்தான் டவுன் லாயர்கள் வீடு விற்கிற பத்திரம், உயில், விவாகரத்து எல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். கம்பெனி லாயருக்கு மாதம் பிறந்தால் சம்பளம். வீட்டுக் கடன் உன் தலையில்தான் விடியும் என்றால், நாலைந்து வருடம் கோலாலம்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புவதில் தப்பில்லை.

முடிவு வரும்வரை சும்மா இருக்காதே. அப்பாவின் லாயரிடம் போய், ஆபீசில் ஃபைல் அடுக்கும் வேலை இருக்கிறதா என்று கேள். இல்லை என்றால் ஒருநாள் ஈப்போ செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய் விசாரணையைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார். பொதுமக்கள் போகலாம். தொகை எவ்வளவானாலும் மோட்டார் விபத்து வழக்குகளை அந்த கோர்ட் விசாரிக்கலாம். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.