கதவைப் பூட்டுனது யாரு தம்பி?

அன்புள்ள அக்கா,

நான் நியூஜெர்சி எடிசன்ல இருக்கேன், பதினோரு வருஷமா ஒரே கம்பெனி, கிரீன் கார்டு க்யூல நிக்கற கூட்டத்துல நானும் ஒருத்தன். என் பையனுக்கு பேஸ்பால்னா உயிர். 2022-ல அவனுக்கு ஒன்பது வயசு, அப்ப பிளேயருங்க ஸ்ட்ரைக் பண்ணி சீசன் ஒரு வாரம் தள்ளிப் போச்சு. லீகோட சைட்ல அவனுக்குப் பிடிச்ச பிளேயர் போட்டோ எல்லாம் காணாமப் போயி வெறும் நிழல் உருவமா இருந்துச்சு, அதைப் பாத்துட்டு அழுதான். அப்ப ஓனருங்களும் பிளேயருங்களும் போட்டுக்கிட்ட ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல முடியுது, மறுபடி சண்டை வரும்னு இங்க எல்லாரும் பேசிக்கறாங்க. மில்லியன் மில்லியனா வாங்கற பிளேயருக்கும் பில்லியனர் ஓனருக்கும் நடக்கற சண்டையில நான் யார் பக்கம் நிக்கறது? ரெண்டு பக்கமும் பேராசைன்னுதான் எனக்குத் தோணுது. நடுவுல அடிபடறது டிக்கெட் வாங்கற எங்களை மாதிரி ஆளுங்களும், ஸ்டேடியத்துல பார்க்கிங் பாக்கறவனும்தான். பையனுக்கு என்ன சொல்லட்டும்? நம்ம ஐபிஎல்ல ஏலம் விட்டா விட்டதுதான், அங்க இந்தத் தலைவலியே இல்லைன்னு ஒரு ஃபிரெண்ட் சொல்றான், அதைப் பத்தியும் சொல்லுங்க.

எஸ்.

---

அன்புள்ள எஸ்.,

மொதல்ல ஒண்ணைத் திருத்திக்கோங்க தம்பி. உங்க பையன் அழுதது ஸ்ட்ரைக்னால இல்லை, லாக்அவுட்னால. கதவடைப்பு. 2021 டிசம்பர் 1 ராத்திரி பழைய ஒப்பந்தம் முடிஞ்சுது, விடியறதுக்குள்ள முப்பது டீம் ஓனருங்களும் சேந்து பூட்டைப் போட்டாங்க, 99 நாள் பூட்டியே கெடந்துச்சு. ஆட மாட்டோம்னு ஒரு பிளேயரும் சொல்லல. போட்டோவை எடுத்துட்டு சாம்பல் கலர் நிழலை வெச்சது கூட ஓனருங்க நடத்தற லீக்தான். நாலு வருஷம் ஆகியும் உங்க மனசுல பிளேயருங்க ஸ்ட்ரைக் பண்ணாங்கன்னே பதிஞ்சு கெடக்குது பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரமா வருது. கோயமுத்தூர்ல மில்லு கேட்டுக்கு எதுத்தாப்புல வளந்தவ நான். எங்கம்மா ரெண்டாங்கிளாஸ் தாண்டாதவங்க, அவங்க கூட இந்த ரெண்டு வார்த்தையையும் மாத்திச் சொன்னதில்லை. உள்ள இருந்து வேலையை நிறுத்துனா ஸ்ட்ரைக், வெளிய இருந்து நோட்டீஸ் ஒட்டுனா லாக்கவுட்டு, ரெண்டுலயும் மளிகைக்கடைக்காரர் கடன் நோட்டை மூடிருவாரு, ஆனா யாரைத் திட்டணும்ங்கறது மட்டும் மாறும்.

ஐபிஎல் விஷயத்துக்குள்ள நான் போகல. மனுஷனை ஏலம் விடறோம்ங்கறதை உங்க ஃபிரெண்ட் எவ்வளவு சாதாரணமா சொல்லிட்டாருன்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க. இப்ப ஆடிட்டு இருக்கற நம்ம கிரிக்கெட்காரங்களுக்குன்னு ஒரு சங்கமே கெடையாது, 2019-ல வந்தது ரிட்டயர் ஆனவங்களுக்கானது. சண்டை போட ஆளே இல்லாத எடத்துல தலைவலி எங்கிருந்து வரும்?

உங்க லெட்டருக்கு ஏன் உக்காந்து பதில் எழுதறேன்னா, போன மாசம் எங்க சித்தப்பா வீட்டைக் காலி பண்றப்ப டிரங்குப் பெட்டிக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவர் கெடைச்சுது. உள்ள கார்பன் காப்பி ஒன்பது. அதைப் படிச்ச நாள்ல இருந்து எனக்கு கர்ட் ஃப்ளட் ஞாபகமாவே இருக்கு, அந்த நேரத்துல பேஸ்பால்னு சொல்லி உங்க லெட்டர் வருது.

கர்ட் ஃப்ளட் யாருன்னு உங்க பையனுக்குத் தெரியுமான்னு கேளுங்க. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீம்ல பன்னெண்டு சீசன், சென்டர் ஃபீல்ட்ல நின்னா பந்து தரையைத் தொடாதும்பாங்க, 1963-ல இருந்து 69 வரைக்கும் ஏழு வருஷமும் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் அவருக்குத்தான், 1964-லயும் 67-லயும் வேர்ல்ட் சீரிஸ்ங்கற சாம்பியன் பட்டத்தை ஜெயிச்ச டீம்ல இருந்தவரு. கறுப்பினத்துக்காரர். சின்ன வயசுல அமெரிக்காவோட தெற்குப் பக்கம் மைனர் லீக்ல, அதாவது பெரிய லீக்குக்குக் கீழ இருக்கற லீக்ல, ஆடினப்ப நடந்ததை அவரே சொல்லியிருக்காரு: ஒரே நாள்ல ரெண்டு மேட்ச், மொத மேட்ச் முடிஞ்சு எல்லாரும் வேர்வை சட்டையைக் கழட்டி ஒரே குவியலாப் போடறாங்க, இவரும் போடறாரு, துணி எடுக்க வந்தவன் நீளமா ஒரு கம்பால இவரு சட்டையை மட்டும் குத்தித் தூக்கித் தனியா வெக்கறான், கறுப்பருங்க துணி வெளுக்கற கடைக்கு அனுப்பறதுக்கு. மத்தவங்க துணி வந்து அவங்க ரெண்டாவது மேட்ச் ஆடப் போயிட்டாங்க, இவரு துணி இன்னும் வரல, வர்ற வரைக்கும் உடம்புல துணியில்லாம உக்காந்திருக்காரு.

அந்த மனுஷனுக்கு 1969 அக்டோபர்ல ஒரு ஃபோன் வருது, டீம் ஆஃபீஸ்ல இருந்து, பெரிய ஆளு கூட இல்லை. உன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாத்தியாச்சு. அவ்வளவுதான். மாட்டுச் சந்தையில துண்டுக்கடியில வெரலைப் புடிச்சு வெலை பேசறப்ப மாட்டுகிட்ட யாராவது கேப்பாங்களா, அப்படித்தான்.

நீங்க கேக்கலாம், பிடிக்கலைன்னா வேற டீமுக்குப் போக வேண்டியதுதானேன்னு. போக முடியாது. ரிசர்வ் கிளாஸ்னு ஒரு வரி இருந்துச்சு எல்லா ஒப்பந்தத்துலயும். வருஷம் முடிஞ்சு பிளேயர் கையெழுத்துப் போடலைன்னாலும் அதே ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சுக்க டீமுக்கு உரிமை உண்டு, நீட்டிச்ச ஒப்பந்தத்துலயும் அதே வரி இருக்கும், அதனால அடுத்த வருஷமும் நீட்டிக்கலாம், அதுக்கடுத்த வருஷமும் நீட்டிக்கலாம், முட்டி தேயற வரைக்கும் நீட்டிக்கலாம். ஆட்டத்தை விட்டுட்டுப் போறியா, தாராளமாப் போ. இன்னொருத்தருக்கு ஆடணும்னா மட்டும் முடியாது. பேஸ்பால்ங்கறது மாநிலம் விட்டு மாநிலம் நடக்கற வியாபாரமே இல்லைன்னு 1922-ல அவங்க சுப்ரீம் கோர்ட்டே சொல்லி வெச்சிருந்துச்சு, அதனால ஏகபோகத்தைத் தடுக்கற சட்டமும் ஓனருங்க மேல பாயல.

இப்ப சித்தப்பாவைச் சொல்லிர்றேன். 1970கள் கடைசியில கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மில்லு, பேரு வேண்டாம், வாலிபால் டீம் வெச்சிருந்தாங்க, சித்தப்பா அதுல அட்டாக்கர். பேருக்கு வைண்டிங்ல வேலை, நெஜமான வேலை கிரவுண்டுல. சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து வெரல் ஒவ்வொண்ணுக்கும் வெள்ளை பிளாஸ்டர் சுத்துவாரு, நான் கத்திரிக்கோல் புடிச்சிட்டு நிப்பேன். அவருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு சர்க்கார் வேலை வந்துச்சு, அந்த டீமுக்கு ஆடறதுக்காகவே குடுக்கற வேலை. அதுக்குப் பழைய டீம்கிட்ட இருந்து என்.ஓ.சி வேணும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கற சர்ட்டிபிகேட். மில்லு வேலையை விடறதை யாரும் தடுக்கல. என்.ஓ.சி மட்டும் தர மாட்டாங்களாம். கேக்கப் போனா, உனக்கென்னப்பா கொறை வெச்சோம், தெனம் ரெண்டு முட்டை, அரை லிட்டர் பாலு, சைக்கிள் வாங்கிக் குடுத்தோம், இன்னும் என்ன வேணும்ங்கற பேச்சு. ஒன்பது லெட்டர் போட்டாரு, அத்தை டைப்ரைட்டிங் கிளாஸ் போயிட்டிருந்ததால அவங்கதான் அடிச்சுக் குடுத்தாங்க. மொத லெட்டர்ல "மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு"ன்னு ஆரம்பிச்சு "தங்கள் கீழ்ப்படிதலுள்ள"ன்னு முடியுது. அஞ்சாவதுல "அவர்களுக்கு" போயிருச்சு. ஒன்பதாவதுல கடைசியில வெறும் கையெழுத்து, அதையும் கார்பன்ல பேனாவை அழுத்தி அழுத்திப் போட்டதுல தாளு ஒரு எடத்துல ஓட்டையாயிருக்கு.

ஃப்ளட்டுக்கும் இதைத்தான் சொன்னாங்க தம்பி. வருஷத்துக்கு 90,000 டாலர் வாங்கறவன் அடிமையான்னு. அந்தக் காலத்துல அது பெரிய காசு, ஃபிலடெல்ஃபியாக்காரங்க இன்னும் கூடத் தரேன்னாங்க. டிவியில இதையே கேட்டப்ப, நல்ல சம்பளம் வாங்கற அடிமையும் அடிமைதான்னு சொன்னாரு. உங்க பேராசைப் பேச்சுக்கு இதை விட ஒரு பதில் எனக்குத் தெரியாது. எத்தனை முட்டைங்கறது இல்லை தம்பி பிரச்சனை, எவ்வளவு மில்லியன்ங்கறதும் இல்லை, நான் இந்த கேட்டைத் தாண்டி இன்னொரு கேட்டுக்குள்ள போகலாமா கூடாதாங்கறதுதான். திரும்பத் திரும்பச் சொல்றேன்னு நினைக்காதீங்க, மத்தவங்களுக்கு வேணா வெளங்காமப் போகட்டும், பதினோரு வருஷமா ஒரு கம்பெனி கையெழுத்தை நம்பி க்யூல நிக்கற உங்களுக்கு எப்படி வெளங்காமப் போச்சு? ஐ.டி.ல இவ்வளவு சம்பளம் வாங்கறான், இவனுக்கு என்ன கொறைன்னு உங்களைப் பத்தி ஊர்ல நாலு பேர் பேசறப்ப உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஃப்ளட் சங்கத்துக்குப் போனாரு. சங்கத்தை நடத்துனது மார்வின் மில்லர், ஸ்டீல் தொழிலாளர் சங்கத்துல இருந்து 1966-ல வந்தவரு, அவரு வந்தப்ப குறைஞ்சபட்ச சம்பளமே வருஷத்துக்கு 6,000 டாலர்தான். மில்லர் மறைக்காமச் சொல்லிட்டாரு, கேஸ் ஜெயிக்காது, உன் ஆட்டம் முடிஞ்சுது, கோச் வேலை கூட எவனும் தர மாட்டான். ஃப்ளட் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், மத்த பிளேயருங்களுக்கு இதனால நல்லது நடக்குமா? நடக்கும், இனி வரப் போறவங்களுக்கும் நடக்கும்னாரு மில்லர். அது போதும்னாரு ஃப்ளட். நியூயார்க்ல விசாரணை நடந்தப்ப அப்ப ஆடிட்டிருந்த பிளேயர் ஒருத்தர் கூட வந்து பக்கத்துல உக்காரல. எல்லாருக்கும் அவங்கவங்க ஓனரை நெனைச்சு பயம். வந்து சாட்சி சொன்னவங்கள்ல ஜாக்கி ராபின்சனும் ஹாங்க் கிரீன்பெர்க்கும் உண்டு, ரெண்டு பேரும் ஆட்டத்தை விட்டு வருஷக்கணக்கானவங்க. ஃப்ளட் 1970 முழுக்க ஆடல, 71-ல வாஷிங்டனுக்குப் பதிமூணு மேட்ச் ஆடிட்டு முடியாமப் போயி நாட்டை விட்டே கெளம்பிட்டாரு. 1972-ல சுப்ரீம் கோர்ட்ல 5-க்கு 3-ன்னு தோத்தாரு.

கதவு தொறந்தது 1975 டிசம்பர் 23. மெசர்ஸ்மித், மெக்நாலின்னு பந்து வீசற ரெண்டு பிட்சருங்க கையெழுத்துப் போடாம அந்த வருஷத்தை ஓட்டிட்டு மத்தியஸ்தர்கிட்ட போனாங்க, பீட்டர் சைட்ஸ்னு பேரு, ஒரு வருஷம்னு எழுதியிருந்தா ஒரு வருஷம்தான்னு சொல்லிட்டாரு. அந்தக் கையோட ஓனருங்க அவரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. இன்னிக்கு உங்க பையன் சுவத்துல ஒட்டியிருக்கற பிளேயருங்க வாங்கற மில்லியன் எல்லாம் அந்த நாள்ல இருந்து வந்தது. ஃப்ளட் அப்ப ஆட்டத்தை விட்டு நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1997-ல தொண்டைப் புத்துநோய்ல போயிட்டாரு, 59 வயசு.

பேராசைன்னு ஒரு வார்த்தை போட்டீங்களே, 1994-ல சம்பளத்துக்கு உச்சவரம்பு வெக்கணும்னு ஓனருங்க அழுத்துனதுல நெஜமாவே பிளேயருங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க, 232 நாள், அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸே நடக்கல. மறு வருஷம் ஏப்ரல்ல ஆட்டம் ஆரம்பிச்சப்ப நியூயார்க் ஷே ஸ்டேடியத்துல பேராசைன்னு இங்கிலீஷ்ல எழுதின டிஷர்ட் போட்டுட்டு மூணு பேரு கிரவுண்டுக்குள்ள ஓடி, பிளேயருங்க காலடியில ஒரு டாலர் நோட்டா வீசுனாங்க. பிளேயருங்க காலடியில. மேல கண்ணாடி ரூம்ல உக்காந்திருந்தவங்க மேல ஒரு நோட்டும் விழல. பிளேயர் சம்பளம் ஒவ்வொண்ணும் பேப்பர்ல வருது, பெரும்பாலான டீமோட கணக்கு நோட்டு பூட்டித்தான் கெடக்கு, அதனால பேராசைங்கறது எப்பவும் சட்டை நம்பரோடதான் நம்ம கண்ணுக்குத் தெரியுது. மைனர் லீக்ல அடிமட்டத்துல ஆடற பசங்க 2022-ல சங்கம் சேர்ற வரைக்கும் வருஷத்துக்கு 4,800 டாலர்ல ஓட்டிட்டிருந்தாங்க, அடுத்த வருஷம் அது 19,800 ஆச்சு. அதையும் சேத்துத்தான் ரெண்டு பக்கமும் பேராசைங்கறீங்களா?

பார்க்கிங் பாக்கறவரை நெனைச்சு ஒரு வரி எழுதுனீங்க, அந்த ஒரு வரிக்காக உங்க மேல எனக்குப் பாசம்தான், உங்க மனசு கல்லு இல்லை. ஆனா அவரு வயித்துல அடிச்சது யாருன்னு கேக்காம நடுவுல போயி நின்னுக்காதீங்க. பையனுக்கு நீங்க ஒண்ணும் விளக்க வேண்டாம். 1969 டிசம்பர் 24-ல லீக் கமிஷனர் பொவி கூனுக்கு ஃப்ளட் எழுதுன லெட்டர் நெட்ல கெடைக்குது, சின்ன லெட்டர், பன்னெண்டு வருஷம் ஆடினதுக்கப்புறம் என் விருப்பத்தைக் கேக்காம வாங்கி விக்கறதுக்கு நான் ஒரு சொத்து இல்லைன்னு இருக்கும். அவனே படிக்கட்டும்.

அந்த லெட்டரைத்தான் போன வாரம் சித்தப்பாவுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டுனேன். அவருக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியறதில்லை, வலது முட்டியை நீட்டி ஸ்டூல் மேல வெச்சிட்டுக் கேட்டாரு. இன்னொருவாட்டி படின்னாரு. படிச்சேன். "பதில் வந்துச்சா கண்ணு?"ன்னாரு. வந்துச்சு சித்தப்பா, ஆறே நாள்ல வந்துச்சு, மனுஷன் வாங்கி விக்கற சொத்து இல்லைங்கறதை நானும் ஒத்துக்கறேன், ஆனா அது இந்த விஷயத்துக்கு எப்படிப் பொருந்தும்னு தெரியலைன்னு கமிஷனர் எழுதியிருக்காருன்னேன்.

சித்தப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அந்தக் கவரை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு, "அவருக்குப் பதிலாச்சும் போட்டிருக்காங்க"ன்னாரு.

அன்புடன்,
அக்கா