கணினிக் கேள்வி – பதில்: படத்தின் வகையை மாற்றும்போது

கேள்வி: மகனின் விண்ணப்பத்துக்கு, ஐபோனில் எடுத்த அவன் படத்தையும் அடையாள அட்டையின் படத்தையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். கோப்பு எச்இஐசி என்று இருக்கிறது, ஜேபிஜிதான் வேண்டுமாம். கோப்பின் பெயரில் கடைசியை ஜேபிஜி என்று மாற்றிப் பார்த்தேன், ஏற்கவில்லை. இலவசமாக மாற்றித் தரும் தளங்களை நம்பலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. கோப்பின் தொடக்கத்திலேயே அது எந்த வகை என்ற குறி பதிந்திருக்கும். விண்ணப்பத் தளம் அதைத்தான் பார்க்கிறது. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் இடத்தை மிச்சப்படுத்த எச்இஐசியில் சேமிக்கின்றன.

அடையாள அட்டையை மட்டும் இலவசமாக மாற்றித் தரும் எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். பல தளங்கள் கோப்பைத் தங்கள் சர்வருக்கு வாங்கித்தான் மாற்றுகின்றன. சற்று நேரத்தில் அழித்துவிடுவோம் என்று எழுதியிருப்பார்கள். அழித்தார்களா என்று நாம் பார்க்க வழியில்லை. அடையாள அட்டை (ஐசி) எண், முகவரி, முகம் மூன்றும் ஒரே படத்தில் இருக்கின்றன.

கைப்பேசியிலேயே மாற்றலாம். ஃபோட்டோஸில் படத்தைத் திறந்து, பகிரும் பொத்தானை அழுத்தி 'சேவ் டு ஃபைல்ஸ்' கொடுங்கள். பிறகு ஃபைல்ஸ் செயலியில் அந்தக் கோப்பை அழுத்திப் பிடித்தால் 'குவிக் ஆக்‌ஷன்ஸ்', அதற்குள் 'கன்வர்ட் இமேஜ்' வரும். ஜேபெக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜேபிஜியும் அதுவும் ஒன்றுதான். ஐஓஎஸ் 16 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். இனி எடுப்பவை ஜேபிஜியாகவே பதிய வேண்டுமானால் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் வழியாகப் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வையுங்கள்.

மற்ற படங்களுக்கு ஸ்குவூஷ் (Squoosh) போன்ற தளம் நல்லது. அது உங்கள் பிரவுசருக்குள்ளேயே மாற்றுகிறது, படம் வெளியே போவதில்லை. எந்தத் தளத்தையும் இப்படிச் சோதிக்கலாம்: பக்கம் முழுவதும் திறந்தபின் வைஃபையையும் டேட்டாவையும் நிறுத்திவிட்டு, முக்கியமில்லாத ஒரு படத்தைக் கொடுங்கள். அப்போதும் மாற்றித் தந்தால் வேலை உங்கள் கருவியில்தான் நடக்கிறது.

கேள்வி: தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வழியில் பந்தல் போடுகிறோம். பத்தடி பேனருக்காக எங்கள் சங்கச் சின்னத்தைப் பிஎன்ஜியிலிருந்து ஜேபிஜி ஆக்கினோம். சுற்றிலும் வெள்ளைக் கட்டம் வந்துவிட்டது. திரும்பப் பிஎன்ஜி ஆக்கியும் போகவில்லை. எஸ்விஜி ஆக்கினால் சரியாகுமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: ஜேபிஜியில் ஒளிபுகும் பின்னணிக்கு இடமே கிடையாது. மாற்றும்போது அந்த இடத்தை வெள்ளையோ கறுப்போ கொண்டு நிரப்பிவிடும். அதன்பின் எத்தனை முறை பிஎன்ஜி ஆக்கினாலும் அந்த வெள்ளை படத்தின் பகுதிதான். பழைய பிஎன்ஜியைத் தேடி எடுங்கள்.

பேனருக்கு அதுவும் போதாமல் போகலாம். பத்தடி என்றால் 120 அங்குலம். 1,600 பிக்சல் (படப் புள்ளி) அகலப் படத்தை அதில் முழு அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்குப் பதின்மூன்று பிக்சல்தான் மிஞ்சும். பந்தலுக்குக் கீழே நின்று பார்ப்பவருக்கு ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பிக்சல் இன்னும் குறையும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

எஸ்விஜி என்பது படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் வகை. அது நல்லதுதான், சின்னம் கோடுகளாக வரையப்பட்டிருந்தால். பல தளங்கள் உங்கள் ஜேபிஜியை அப்படியே எஸ்விஜி உறைக்குள் போட்டுத் தருகின்றன. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள்: 'பாத்' (path) என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி வந்தால் கோடுகள். 'இமேஜ்' என்று தொடங்கி, பொருளில்லாத எழுத்துகள் பக்கம் பக்கமாக ஓடினால் உள்ளே பழைய படம்தான். தானாகக் கோடு வரைந்து தரும் தளங்கள் எளிய சின்னத்துக்குச் சரி. தமிழ் எழுத்துகளின் சுழிகளைச் சிதைத்துவிடும். சின்னத்தை முதலில் வரைந்தவரிடம் மூலக் கோப்பையோ பிடிஎஃபையோ கேட்டு வாங்கி, அச்சகத்தில் அதையே கொடுங்கள்.

கேள்வி: படம் 200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். பிஎன்ஜி ஆக்கினால் பெரிதாகிறதே?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பிஎன்ஜி எதையும் விடாமல் சேமிக்கும், அதனால் நிழற்படங்கள் பல மடங்கு பெருக்கும். அது சின்னம், திரைப்பிடிப்பு, எழுத்து ஆகியவற்றுக்கு ஏற்றது. முகப்படத்துக்கு ஜேபிஜி போதும். முதலில் அளவைக் குறையுங்கள்: 35 × 50 மில்லிமீட்டர் படத்துக்கு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில், 413 × 591 பிக்சல். பிறகு தரத்தை நூற்றுக்கு 85-இல் வைத்துச் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள். சேமித்த ஜேபிஜியையே மறுபடி மறுபடி சேமித்தால் கண்ணும் தலைமுடியும் முதலில் கலங்கும்.