கல்லூரி நிதியுதவி பாதியில் நிற்காமலிருக்க: கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் நிதியுதவி அலுவலகத்தில் பல ஆண்டுகள், நின்றுபோன உதவியைத் திரும்பக் கேட்டு மாணவர்கள் எழுதும் மேல்முறையீட்டுக் கடிதங்களைப் படிக்கும் பொறுப்பில் இருந்தேன். கூட்டாட்சி அரசின் மாணவர் நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து அனுப்பும் நம் குடும்பங்களில் பலர், கிடைத்த உதவி தொடர்வதற்கு ‘திருப்திகரமான கல்வி முன்னேற்றம்’ என்றொரு நிபந்தனை இருப்பதை, பணம் நின்ற பிறகே அறிகிறார்கள். எஸ்.ஏ.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நிபந்தனை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய்: வணக்கம் அம்மா. என் மகன் கம்யூனிட்டி கல்லூரியில் முதலாண்டை முடித்திருக்கிறான். ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 3.2, எந்தப் பாடத்திலும் தோற்கவில்லை. இருந்தும் எஸ்.ஏ.பி. தேறவில்லை என்று மின்னஞ்சல் வந்துள்ளது. இது கணினிப் பிழையா?

பிழை இல்லை அம்மா. நீங்கள் அனுப்பிய மதிப்பெண் பட்டியலில் விலகலைக் குறிக்கும் ‘டபிள்யூ’ என்ற எழுத்து மூன்று இடங்களில் இருக்கிறது. முதல் பருவத்தில் 15 கிரெடிட்டுக்கு (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) பதிவு செய்து, 4 கிரெடிட் கால்குலஸிலிருந்து விலகியிருக்கிறார். அடுத்த பருவத்தில் மீண்டும் 15. அதில் வேதியியல் 4, பொருளாதாரம் 3 என ஏழு கிரெடிட் விலகல். டபிள்யூ ஜிபிஏ கணக்கில் சேராது என்பதால் 3.2 அப்படியே நிற்கிறது. ஆனால் எஸ்.ஏ.பி. மதிப்பெண்ணோடு வேகத்தையும் பார்க்கிறது. அதாவது பதிவு செய்ததில் எவ்வளவு முடித்தார் என்று கேட்கிறது. 30க்குப் பதிவு செய்து 19 முடித்திருப்பதால் அவருடைய வேகம் 63.3 சதவீதம். பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது 67 சதவீதம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மறக்காது. ஒரு படிப்புக்குரிய கிரெடிட்டைப் போல் ஒன்றரை மடங்குக்குள் அதை முடித்தாக வேண்டும் என்பது கூட்டாட்சி அரசின் விதி. அப்படியானால், பதிவு செய்யும் ஒவ்வொரு மூன்று கிரெடிட்டிலும் இரண்டையாவது முடித்துக்கொண்டே வர வேண்டும்.

மின்னஞ்சலில் ‘வார்னிங்’ (எச்சரிக்கை) என்று இருக்கிறதா, ‘சஸ்பென்ஷன்’ (உதவி நிறுத்தம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். பருவந்தோறும் மதிப்பிடும் கல்லூரிகள் ஒரு பருவத்துக்கு எச்சரிக்கை கொடுத்து, மேல்முறையீடு கேட்காமலேயே உதவியைத் தொடரலாம். எச்சரிக்கைதான் என்றால், வரும் பருவத்தில் 12 கிரெடிட் மட்டும் எடுத்து அனைத்தையும் முடிக்கச் சொல்லுங்கள். 42க்கு 31 ஆகி, வேகம் 73.8 சதவீதத்துக்கு உயர்ந்துவிடும். 15 எடுத்து ஒன்றைக் கைவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

டாலஸிலிருந்து ஒரு மாணவர்: வகுப்பிலிருந்து விலகுவதே தவறா? இரண்டாம் வாரத்தில் ஒரு வகுப்பை விட்டேன்.

தவறில்லை தம்பி. வகுப்புகளைச் சேர்க்கவும் நீக்கவும் தரப்படும் தொடக்கக் கால அவகாசத்துக்குள் நீக்கியிருந்தால், அந்த வகுப்பு கணக்கிலேயே வராது. அந்த நாள் கடந்த பின் விட்டால்தான் டபிள்யூ விழும். உங்கள் கல்லூரி நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

சிகாகோவிலிருந்து ஒரு மாணவி: அக்கா, பருவத்தின் நடுவில் தஞ்சாவூரில் என் பாட்டி இறந்துபோனார். பதினாறு நாள் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பியபோது இரண்டு பாடங்கள் கைமீறிவிட்டன. இப்போது உதவி நிறுத்தப்பட்டுள்ளது. பாட்டியின் மறைவைக் காரணமாக எழுதினால் ஏற்பார்களா? எப்படி எழுதுவது?

முதலில் உங்கள் இழப்புக்கு என் வருத்தம். தாராளமாக எழுதலாம். மாணவரின் நோய் அல்லது காயம், உறவினரின் மரணம், பிற சிறப்புச் சூழ்நிலை ஆகியவற்றை விதியே காரணங்களாகச் சொல்கிறது. பெற்றோர் இறந்தால்தான் ஏற்பார்கள் என்று நினைத்து நம் பிள்ளைகள் பாட்டியையும் தாத்தாவையும் எழுதாமல் விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உண்மைக் காரணத்தை மறைத்துவிட்டு ‘நேர மேலாண்மை போதவில்லை’ என்று எழுதிய கடிதங்கள் என்னை மிகவும் வருத்தியிருக்கின்றன.

கடிதம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: ஏன் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது. முதல் கேள்விக்கு எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்; இரண்டாவதற்கு ‘இனி கடினமாக உழைப்பேன்’ என்ற ஒரே வரியோடு முடித்துவிடுகிறார்கள். படிப்பவருக்கு அந்த வரி எதையும் சொல்வதில்லை. என் நினைவில் நிற்கும் ஒரு கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். அந்த மாணவர் மருத்துவமனையில் இருந்த தேதிகளையும் தவறவிட்ட இரண்டு தேர்வுகளின் தேதிகளையும் அருகருகே எழுதியிருந்தார். வேலை நேரத்தை வாரத்துக்கு 30 மணியிலிருந்து 15 ஆகக் குறைத்ததற்கு மேலாளரின் கடிதத்தையும், கணிதப் பயிற்சி மையத்தில் செவ்வாய்தோறும் இடம் பதிவு செய்த சீட்டையும் இணைத்திருந்தார். அதில் நாங்கள் திருப்பிக் கேட்க எதுவும் இருக்கவில்லை.

நீங்கள் இறப்புச் சான்றிதழையும், போன தேதியும் வந்த தேதியும் தெரியும் விமானச் சீட்டையும், பேராசிரியர்களுக்கு அப்போது அனுப்பிய மின்னஞ்சல்களையும் இணையுங்கள். ஏற்றுக்கொண்டால் ‘ப்ரொபேஷன்’ என்ற சோதனைக்கால நிலையில் ஒரு பருவத்துக்கு உதவி வரும். ஒரே பருவத்தில் நிலை சீராகாது என்று தெரிந்தால், பருவவாரியான கல்வித் திட்டம் ஒன்றை ஆலோசகரோடு சேர்ந்து வகுப்பார்கள். அதன்படி நடக்கும்வரை உதவி தொடரும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மேல்முறையீட்டை அனுமதிக்க வேண்டும் என்ற கட்டாயம் கல்லூரிக்கு இல்லை. ஆகவே உங்கள் கல்லூரியின் எஸ்.ஏ.பி. கொள்கையையும் கடைசி நாளையும் இன்றே படியுங்கள்.

ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு தந்தை: நாங்கள் எச்-4 விசாவில் (தற்காலிகப் பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் குடும்பம். இந்த விதிகள் என் மகளுக்குப் பொருந்துமா?

எச்-4 விசாவிலோ எஃப்-1 மாணவர் விசாவிலோ உள்ளவர்களுக்குக் கூட்டாட்சி நிதியுதவி கிடையாது. கிரீன் கார்டு வந்தபின் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் சொந்தப் பணத்தில் படித்த பருவங்களும் எஸ்.ஏ.பி. கணக்கில் சேரும். ஆகையால், ‘உதவிதான் வாங்கவில்லையே’ என்று இன்று அலட்சியமாக விடும் வகுப்பு நாளை குறுக்கே நிற்கும்.

அட்லாண்டாவிலிருந்து ஒரு மாணவர்: உயிரியலிலிருந்து கணினி அறிவியலுக்கு மாறினேன். இதுவரை 96 கிரெடிட் ஆகிவிட்டது. எனக்கு எல்லை எது?

இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் 180 வரை இடமுண்டு. மீதமுள்ள பாடங்களைக் கூட்டிப் பார்த்து, 180க்குள் முடிக்க இயலாது என்று தெரியும் அன்றே உதவி நின்றுவிடும். 180ஐத் தொடும்வரை காத்திருக்க மாட்டார்கள். துறை மாறியவர்களுக்குப் புதிய பட்டத்தில் சேரும் பாடங்களை மட்டும் எண்ணும் கல்லூரிகள் உண்டு. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று கேளுங்கள். பெல் கிராண்ட் (பொருளாதாரத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் மானியம்) வாங்குபவராக இருந்தால் வேறொரு எல்லையும் உண்டு: வாழ்நாளில் முழுநேரக் கணக்கில் 12 பருவங்களுக்குச் சமமான தொகை மட்டுமே கிடைக்கும்.

எடிசனிலிருந்து ஒரு மாணவி: வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன், முறைப்படி விலகவில்லை. எல்லாவற்றிலும் எஃப், அதாவது தோல்வி, வந்துவிட்டது.

இதில் எஸ்.ஏ.பி.யோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. எல்லாப் பாடத்திலும் எஃப் என்றால், நீங்கள் உண்மையில் எந்த நாள்வரை வகுப்பில் இருந்தீர்கள் என்று கல்லூரி தேடும். பருவத்தின் 60 சதவீதத்தைக் கடக்கவில்லையென்றால், வாங்கிய உதவியில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். 15 வாரப் பருவத்தில் அது ஏறத்தாழ ஒன்பது வாரம். அதன்பின் நீங்கள் எழுதிய தேர்வோ ஒப்படைத்த வீட்டுப்பாடமோ இருந்தால், அதன் தேதியோடு அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து ஒரு தந்தை: நான்தான் கட்டணம் கட்டுகிறேன். அலுவலகத்தை அழைத்தால் மகனைப் பற்றிப் பேச மறுக்கிறார்கள்.

மாணவர் பதிவேடுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் பதிவேட்டின் உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது. மகன் இசைவுப் படிவத்தில் கையெழுத்திட்டால் பேசுவார்கள். அதைக் கேட்கும்போது கோபமின்றிக் கேளுங்கள் ஐயா. வீட்டில் சொல்ல அஞ்சியே பிள்ளைகள் எச்சரிக்கை மின்னஞ்சலை மறைக்கிறார்கள்.

சியாட்டிலிருந்து ஒரு மாணவர்: என் மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது. ஜிபிஏ 2.4 இருக்கிறது, 45 கிரெடிட்டில் 28 முடித்திருக்கிறேன். ஓராண்டு ஓய்வெடுத்துவிட்டு வந்தால் சரியாகிவிடுமா?

ஆகாது தம்பி. ஓராண்டு கழித்து வந்தாலும் 45க்கு 28, அதாவது 62.2 சதவீதம் அப்படியே காத்திருக்கும். சொந்தச் செலவில் படித்துத்தான் அதை ஏற்ற வேண்டும். 6 கிரெடிட் எடுத்து முடித்தால் 51க்கு 34, அதாவது 66.67. இதை 67 என்று முழுமையாக்கிக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. உங்கள் கல்லூரி செய்யுமா என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். செய்யாது என்றால், ஒரு 3 கிரெடிட் வகுப்புக்குப் பதிலாக 4 கிரெடிட் வகுப்பொன்றை எடுத்து, மொத்தத்தை 7 ஆக்கிக்கொள்ளுங்கள். கட்டணம் குறைந்த கம்யூனிட்டி கல்லூரியில் எடுத்தாலும், உங்கள் கல்லூரி ஏற்கும் கிரெடிட் இரு பக்கமும் சேரும். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே அந்த வகுப்பை ஏற்பார்களா என்று பதிவாளர் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.